ஒரு குடம் தண்ணீரும் ஒரு தீவும்

காசிமேட்டில் பொழுது விடிவதற்கு முன்பே பகல் தொடங்கிவிடும். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அணையும். ஐஸ் உடைக்கும் எந்திரம் இரையும். ஏலம் கூறுவோரின் குரல் எங்கள் மாடி வரை எட்டும். அந்த ஓசை அடங்குமுன் எண்ணூர் நெடுஞ்சாலையில் கொள்கலன் லாரிகளின் வரிசை உறுமத் தொடங்கும். அறுபது ஆண்டுகளாக இந்த ஓசைகளுக்கு நடுவே வாழ்ந்தவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் துறைமுகத்தில் எழுத்தராகவும், மற்றவர் பள்ளி ஆசிரியையாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றோம். பிள்ளை பெங்களூருக்குப் போய்விட்டாள். முதுமையில் எங்களுக்கு ஓர் ஆசை பிறந்தது. சொன்னால் நகைப்பீர்கள். நாங்கள் ஒரு தீவு வாங்க விரும்பினோம்.

ஆசை எங்கிருந்து முளைத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. 2019ஆம் ஆண்டின் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, நகரமே குடத்தோடு வீதியில் நின்ற கோடை அது. அப்பா விட்டுச் சென்ற வீட்டில் நாங்களும் தம்பி குடும்பமும் ஒரே முற்றத்தைப் பங்கிட்டு வாழ்ந்து வந்தோம். முற்றத்தில் ஓர் அடிபம்பு. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத அந்நாள்களில், யார் குடம் முதலில் நின்றது என்பதில் ஒரு சொல் எழுந்தது. ஒரு சொல் பத்தாயிற்று. அப்பாவின் வைத்தியச் செலவு, அம்மாவின் நகை, யார் யாரைப் பார்த்துக்கொண்டார் என்ற பழங்கணக்கெல்லாம் அந்தக் குடத்தருகே கொட்டப்பட்டன. மழை வந்து ஏரிகள் நிரம்பிய பிறகும் எங்கள் மனம் மட்டும் வறண்டே கிடந்தது. முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. மாடியிலும் இடுப்பளவுக்கு ஒரு கைப்பிடிச் சுவர். அடிபம்பு தம்பியின் பக்கம் போயிற்று. நாங்கள் கேன் தண்ணீர் வாங்கினோம்.

ஞாயிறுதோறும் இராயபுரம் இராயப்பர் ஆலயத்தில் அவர்கள் ஒரு பக்கம் அமர்வார்கள். நாங்கள் மறு பக்கம். சமாதானம் பகிரும் வேளை வரும். நாங்கள் அக்கம்பக்கத்தாருக்குக் கைகூப்புவோம். அந்தத் திசைக்கு மட்டும் முகம் திரும்பாது. நான்கு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

இந்த நிலையில்தான், உலகில் தீவுகளை வாங்கவும் விற்கவும் தரகர்கள் உண்டு என்ற செய்தியை ஒரு நாளிதழின் ஞாயிறு மலரில் படித்தோம். நீலக் கடல், நடுவே ஒரு பச்சைப் புள்ளி, அதில் ஒரே ஒரு வீடு. யார் முகத்திலும் விழிக்க வேண்டாம்! அந்தப் படத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டோம். கோடீசுவரர்களின் ஆசை நமக்கு எதற்கு என்று அடக்கிக்கொண்டிருந்தபோது, தூரத்து உறவினர் ஒருவர் வழியாக ஒரு தரகர் வந்து சேர்ந்தார். பழவேற்காட்டு ஏரிக்குள் ஒன்றரை ஏக்கர் அளவில் ஒரு மணல் திட்டு இருக்கிறதென்றும், எங்கள் ஓய்வூதியத் தொகையின் பெரும்பகுதியைக் கொடுத்தால் அது எங்களுக்கே சொந்தமாகும் என்றும் சொன்னார். நான்கு புறமும் தண்ணீர், நடுவில் நாங்கள். எத்துணை இனிய கற்பனை!

பணத்தை எடுக்குமுன், தீவு வாங்கியவர்களின் கதைகளைத் தேடிப் படித்தோம். அவற்றுள் ஒன்று எங்களை நெடுநாள் விடாமல் பற்றிக்கொண்டது. இலங்கையின் தென்கரையில் வெலிகம என்னும் விரிகுடா இருக்கிறது. அங்கே கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சிறு பாறைத் தீவு. பரப்பு மூன்று ஏக்கருக்கும் குறைவு. மோரிஸ் தல்வாந்த் என்னும் பிரெஞ்சுக்காரர், தம்மைத் தெ மோனி பிரபு என்று அழைத்துக்கொண்டவர், 1920களில் அதைக் கண்டு மயங்கித் தமதாக்கிக்கொண்டார். இலங்கைக்குக் கிரேக்கர் வழங்கிய பழம்பெயரான தாப்ரபேன் என்பதையே அதற்குச் சூட்டினார். எண்கோண வடிவில் நடுக்கூடம் அமைத்து, எப்பக்கம் நோக்கினும் கடல் தெரியும்படி ஒரு மாளிகை கட்டினார், தோட்டம் வளர்த்தார். அங்கே செல்லப் பாலம் இல்லை. அலைக்குள் இறங்கி, ஆடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாக வேண்டும்.

அவருடைய முடிவு எங்கே நேர்ந்தது தெரியுமா? அந்தத் தீவில் அன்று. 1941ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு அருகே நாவற்குழியில், ஒரு தோட்டத்தில் மாரடைப்பால் இறந்தார். யாழ்ப்பாணத்து மரியன்னை கல்லறைத் தோட்டத்தில், நம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு நடுவே, அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. கடலையே வேலியாகக் கொண்டவருக்குக் கடைசியில் கிடைத்தது, அக்கம்பக்கம் நெருங்கிய ஆறடி நிலம். பின்னர் 1952ஆம் ஆண்டு பால் போல்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் அத்தீவை வாங்கினார். அவருடைய மனைவிக்கு அந்த இடம் ஒத்துக்கொள்ளவில்லை. மின்விளக்கில்லாத இரவுகளும் மாலைதோறும் கூட்டமாய்ப் பறக்கும் வௌவால்களும் அவரை வாட்டின. நான்கு ஆண்டுகளில் தீவு மீண்டும் கைமாறியது. இன்று அது பணம் படைத்தவர்கள் சில நாள் தங்கிச் செல்லும் வாடகை மாளிகை.

இதைப் படித்த இரவு எங்களுக்கு இன்னொரு தீவு நினைவுக்கு வந்தது. எங்கள் கால்கள் மிதித்த தீவு அது. 2013ஆம் ஆண்டின் தவக்காலத்தில், தம்பி குடும்பத்தோடு ஒரே படகில், இராமேசுவரத்திலிருந்து கச்சத்தீவுப் பெருவிழாவுக்குச் சென்றிருந்தோம். அப்போது முற்றத்தில் சுவர் இல்லை.

கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர். ஒரு காலத்தில் அதுவும் ஒருவரின் உடைமையாகவே இருந்தது. இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனைச் சேர்ந்த நிலம் அது. சாயவேர் தோண்டி எடுக்கும் உரிமைக்காக 1880ஆம் ஆண்டு எழுதப்பட்ட குத்தகைப் பத்திரத்தில், வேறு பல தீவுகளோடு அதன் பெயரும் இருந்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் அரசுடைமை. 1974ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கைக்குப் பின் இலங்கையின் எல்லைக்குள். எத்தனை பத்திரங்கள், எத்தனை கையொப்பங்கள்! ஆயினும் அந்தத் தீவில் எந்த உரிமையாளரும் குடியிருந்ததில்லை. காரணம் மிக எளியது. அங்கே குடிநீர் இல்லை.

அங்கே குடியிருப்பவர் ஒருவரே: புனித அந்தோணியார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் மீனவர் ஒருவர் அவருக்கு எழுப்பிய கோயில் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நாங்கள் கண்டது பழைய சிறு கோயில். இப்போதுள்ள புதிய கோயில் 2016ஆம் ஆண்டில் எழுந்தது. ஆண்டு முழுவதும் ஆளரவமற்றுக் கிடக்கும் அந்த மணலில், விழா நாளில் இராமேசுவரத்துப் படகுகளும் யாழ்ப்பாணத்துப் படகுகளும் வந்து அணைகின்றன. இரு நாட்டுக் குருக்களும் சேர்ந்து திருப்பலி நிறைவேற்றுகின்றனர். மாலையில் சிலுவைப்பாதை, இரவில் தேர்பவனி. நாங்கள் சுமந்து சென்ற தண்ணீர் முதல் நாள் மாலையே தீர்ந்துபோயிற்று. நெடுந்தீவிலிருந்து வந்திருந்த ஒரு தாய், கேளாமலே தம் குடத்தைச் சாய்த்து எங்கள் செம்பை நிரப்பினார். “குடியுங்கோ, பிள்ளையள்” என்று அவர் சொன்ன தமிழ் இன்னமும் காதில் இருக்கிறது. அந்தத் தண்ணீரைத் தம்பியின் மனைவிதான் எல்லாருக்கும் அளந்து கொடுத்தாள். தனக்கு இறுதியாக வைத்துக்கொண்டாள். இதை நினைத்தபோது எங்கள் இருவருக்கும் பேச்சு எழவில்லை. ஆயினும் மனம் வளைந்து கொடுக்கவில்லை. திட்டைப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்வோம் என்று படுத்துக்கொண்டோம்.

2023ஆம் ஆண்டு நவம்பரில், வானம் வெறித்திருந்த ஒரு நாள், மீஞ்சூர் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் சென்றோம். 1613ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஆண்ட ஊர் அது. கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் எழுத்து மாறாமல் நிற்கின்றன. துறையில் படகோட்டி ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டார். அறுபது வயதிருக்கும். தரகர் முன்பக்கம் அமர்ந்து கைப்பேசியில் பேசிக்கொண்டே வந்தார்.

திட்டு அழகாகத்தான் இருந்தது. நாணற்புல், நான்கைந்து உடைமரங்கள், தொலைவில் நாரைக் கூட்டம். நிசப்தம் என்றால் என்னவென்று அன்றுதான் அறிந்தோம். தரகர் எல்லைகளைக் கைநீட்டிக் காட்டினார். பட்டா யார் பெயரில் என்று கேட்டதற்கு, அனுபவத்தில் உள்ள இடம், எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றார். கடலோரத்தையும் காயல்களையும் காக்கும் ஒழுங்குமுறை விதிகள் 1991 முதல் நடப்பில் உள்ளன. இத்தகைய திட்டில் ஒரு செங்கல் வைப்பதற்கும் அனுமதி கிடைப்பது அரிது என்பதை, கோப்புகளோடு காலம் கழித்த எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தும் ஆசை கண்ணை மறைத்தது.

திரும்பும்போது படகோட்டி மெல்லக் கேட்டார்.

“ஐயா, தண்ணி எங்கேருந்து கொண்டாருவீங்க?”

படகில் கொண்டுவருவோம் என்றோம்.

“ராத்திரியில அம்மாவுக்கு நெஞ்சு வலிச்சா யாரைக் கூப்பிடுவீங்க?”

கைப்பேசி இருக்கிறது என்றோம். அவர் சிரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, “கூப்பிட்டா வர்றதுக்கு ஒருத்தன் உங்களைத் தெரிஞ்சவனா இருக்கணுமே ஐயா” என்றார்.

அவர் தம் கதையைச் சொன்னார். அவருடைய பெற்றோர் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவில் வாழ்ந்தவர்கள். 1969ஆம் ஆண்டு அத்தீவு ராக்கெட் ஏவுதளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டபின், குடும்பம் ஏரிக்கு இப்பால் வந்து குடியேறியதாம். “எங்க தீவும் எங்களோடதுன்னுதான் நெனைச்சிருந்தோம்” என்றார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை. ஏரியில் நட்டிருந்த கழிகளைக் காட்டி, ‘பாடு’ என்ற வழக்கத்தை விளக்கினார். இறால் விழும் நல்ல இடங்கள் யாருக்கும் சொந்தமல்ல. ஊர் கூடிச் சீட்டெடுக்கும். இன்று இந்த இடம் ஒருவருக்கு. அடுத்த முறை இன்னொருவருக்கு. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் சுற்றி வரும். “தண்ணியை யாரால பங்கு போட முடியும்? முறையைத்தான் பங்கு போடலாம்” என்றார் அவர். பங்கு என்ற சொல் எங்களைச் சுருக்கென்று தைத்தது.

ஊருக்குத் திரும்பும் வழியில் காட்டுப்பள்ளியின் பாரந்தூக்கிகள் கிழக்கே தெரிந்தன. கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே, எண்ணூர் முகத்துவாரம் தொடங்கிப் பழவேற்காட்டு முகத்துவாரம் வரை நீண்டு கிடக்கும் மணல் தீவு அது. அதன்மேல் அனல்மின் நிலையம் வந்தது, துறைமுகங்கள் வந்தன, கப்பல் கட்டும் தளத்துக்காக ஒரு மீனவக் குப்பமே இடம் பெயர்ந்தது. 2010ஆம் ஆண்டில் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆக்கும் திறன் கொண்டது. 2019ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டபோது வடசென்னையின் தாகத்தைத் தணித்தவற்றுள் அந்த ஆலையின் நீரும் ஒன்று. அப்படியானால், எந்தக் குடத்துக்காக நாங்கள் தம்பியைப் பகைத்தோமோ, அந்தக் குடத்து நீரே ஒரு தீவிலிருந்து வந்ததாக இருக்கலாம். அங்கே வாழ்ந்தவர்கள் விட்டுக்கொடுத்த மண்ணிலிருந்து. இதை உணர எங்களுக்கு நான்கு ஆண்டுகளும் ஒரு படகுப் பயணமும் தேவைப்பட்டன.

உணர்ந்தோம் என்பதால் திருந்திவிட்டோம் என்று எண்ணாதீர்கள். முன்பணம் கொடுக்க டிசம்பர் இரண்டாம் வாரத்தில் நாள் குறித்திருந்தோம். அதை நாங்கள் தள்ளி வைக்கவில்லை.

டிசம்பர் 3ஆம் தேதி இரவு மிக்ஜாம் புயலின் மழை பிடித்தது. மறுநாளும் ஓயவில்லை. நகரின் பல பகுதிகளில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவிலிருந்த நீர் இடுப்புக்கு ஏறி வீட்டுக்குள் புகுந்தது. மின்சாரம் நின்றது, கைப்பேசி ஊமையாயிற்று. மாடி அறைக்கு ஏறிக்கொண்டு சன்னல் வழியே பார்த்தோம். நான்கு புறமும் தண்ணீர், நடுவில் நாங்கள். யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். நாங்கள் விலை பேசிய தீவு, விலையில்லாமல் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டில் அரைக் கேன் குடிநீர்தான் இருந்தது. இரண்டாம் நாள் மாலைக்குள் அதுவும் தீர்ந்தது. எங்களில் ஒருவர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்க வேண்டியவர். கேன் போடும் பையன் எப்படி வருவான்? மழைநீரைப் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டோம். இருட்டில் செபமாலை சொல்ல அமர்ந்தோம். செபம் ஓடவில்லை. படகோட்டியின் குரலே ஓடிற்று: கூப்பிட்டால் வருவதற்கு ஒருவன் உங்களைத் தெரிந்தவனாக இருக்க வேண்டுமே. நாங்கள் கூப்பிடவில்லை. கூப்பிட நாணம் தடுத்தது.

ஏழு மணி இருக்கும். மாடிக் கைப்பிடிச் சுவரில் எவர்சில்வர் குடம் மோதும் ஓசை கேட்டது. வெளியே வந்து பார்த்தோம். சுவருக்கு அப்பால், தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, டார்ச் விளக்கைப் பல்லில் கடித்தபடி, தம்பி நின்றிருந்தான். படகுத் தொழில் செய்பவன் அவன். புயல் அறிவிப்பு வந்தால் கடலோடி வீட்டில் முதலில் நிறைவது தண்ணீர்ப் பீப்பாய்தான். அதிலிருந்து மொண்ட ஒரு குடம் நீரைச் சுவர்மேல் வைத்து இரு கைகளாலும் பிடித்திருந்தான். விளக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “அண்ணே, குடத்தைப் பிடி, வழுக்குது” என்றான். நான்கு ஆண்டுகளில் அவன் எங்களிடம் பேசிய முதல் சொற்கள் இவை. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி நின்றிருந்தாள். “அண்ணி, மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாள்.

என்ன பதில் சொன்னோம் என்பது எங்களுக்கே நினைவில்லை. குடத்தை வாங்கியது நினைவிருக்கிறது. அன்றிரவு அந்தச் சுவரின் இரு பக்கமும் அமர்ந்து, அவர்கள் வீட்டு மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், அவர்கள் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தோம். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீரடித்து நீர் விலகாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது, வெள்ளத்தைப் பார்த்தபின்தான் எங்களுக்கு விளங்கிற்று.

தனிமை தீதென்று சொல்ல நாங்கள் வரவில்லை. நம் ஆண்டவரும் தனித்திருக்க மலைக்கு ஏறினார். ஆனால் இறங்கி வந்தபோது மக்களிடமே வந்தார். வனத்து அந்தோணியார் பாலைநிலத்துக்குள் போனார். அவரைத் தேடி வந்தவர்களை அவர் விரட்டவில்லை. கப்பல் உடைந்து மால்தாத் தீவில் கரையேறிய பவுலுக்கு, முன்பின் அறியாத தீவு மக்கள் தீ மூட்டிக் குளிர் காய வைத்தார்கள். இறைவனோடு இருக்கத் தனிமை தேடுவது ஒன்று. உடன்பிறந்தவன் முகத்தைத் தவிர்க்கத் தனிமை தேடுவது வேறு. நாங்கள் தேடியது இரண்டாவது. அதற்கு ஏரியும் கடலும் தேவையில்லை. முற்றத்தில் ஒரு சுவர் எழுப்பிய நாளிலேயே எங்கள் தீவை நாங்கள் வாங்கிவிட்டோம். நான்கு ஆண்டுகளாக அதில்தான் குடியிருந்தோம்.

தரகருக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பினோம். பணத்தில் ஒரு பகுதி, வெள்ளத்தில் பழுதான தம்பியின் படகு எந்திரத்துக்குப் போயிற்று. கடனாகத்தான் வாங்குவேன் என்று அவன் பிடிவாதம் பிடித்ததால், கடனாகவே கொடுத்தோம். சுவரை முழுவதுமாக இடிக்கவில்லை. உள்ளதைச் சொல்வதானால், சில சொற்கள் இன்னும் நெஞ்சில் உறுத்திக்கொண்டுதான் இருக்கின்றன, அவர்களுக்கும் இருக்கும். முற்றத்துச் சுவரில் ஒரு வாசல் மட்டும் உடைத்திருக்கிறோம். அதற்குக் கதவு போடவில்லை.

அடிபம்புக்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். ஒற்றைப்படை நாளில் அவர்கள் முதலில். இரட்டைப்படை நாளில் நாங்கள். தம்பியின் மகள் அதை நாள்காட்டியில் எழுதி, மேலே ‘பாடு’ என்று தலைப்பிட்டு, பம்பருகே மாட்டி வைத்திருக்கிறாள். இன்று தேதி ஒற்றைப்படை. இதை எழுதிக்கொண்டிருக்கையில் அவர்கள் குடம் நிறையும் ஓசை கேட்கிறது. அடுத்து எங்கள் முறை.